காலதர் அடையாமல்: ஜார்ஜ்டவுன் பழைய கடைவீடுகளைப் புதுப்பித்தலும் விரிவாக்குதலும்

முன்னுரை

பழந்தமிழில் சன்னலுக்குக் 'காலதர்' என்னும் பெயர் வழங்கியது. கால் என்பது காற்று. அதர் என்பது வழி. சுவரில் விடப்படும் திறப்பைக் காற்று வந்து செல்லும் பாதையாகவே நம் முன்னோர் கண்டனர் என்பதை இச்சொல் உணர்த்துகின்றது. பத்துப்பாட்டு நூல்களுள் ஒன்றாகிய நெடுநல்வாடை, கட்டடக் கலை வல்லார் கோல் நட்டு நிழல் பார்த்துத் திசை அறிந்து, நூல் பிடித்து அளந்து மனை வகுத்த முறையை விரித்துரைக்கின்றது. வெயிலும் காற்றும் மழையும் வரும் திசையை அறிந்த பின்னரே வீடு எழுப்பப்பட வேண்டும் என்னும் தெளிவு அக்காலத்திலேயே இருந்தது எனலாம்.

இத்தெளிவு பழைய வீட்டைப் புதுப்பிப்போருக்கும் வேண்டப்படுவதாகும். பினாங்கு மாநிலத் தலைநகராகிய ஜார்ஜ்டவுனில் நூறாண்டுகளைக் கடந்த கடைவீடுகள் இன்றும் வரிசை வரிசையாக நிற்கின்றன. அவற்றுள் பலவற்றுக்குக் கேடு விளைவித்தது முதுமை அன்று; வீட்டின் இயல்பறியாமல் நல்லெண்ணத்தோடு செய்யப்பட்ட பழுதுபார்ப்பே ஆகும். இவ்வீடுகளின் அமைப்பையும், அவற்றைப் புதுப்பிக்கும் முறையையும், விரிவாக்கும்பொழுது கைக்கொள்ளத்தக்க நெறிகளையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கடைவீடும் தமிழரும்

1786ஆம் ஆண்டில் பிரான்சிஸ் லைட் பினாங்கில் கால் பதித்த பின்னர்த் தோன்றிய நகரம் ஜார்ஜ்டவுன். அந்நகரின் தொடக்கக்காலத் தெருக்களிலேயே தமிழர் குடியேறினர். சூலியா தெரு என்னும் பெயர், சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் வணிகரை இன்றும் நினைவூட்டுகின்றது. பினாங்கு வீதி, கடைவீதி, குவீன் வீதி ஆகியவற்றை உள்ளடக்கிய பகுதி இன்று 'லிட்டில் இந்தியா' என அழைக்கப்படுகின்றது. மலாய் மொழியில் கடையைக் குறிக்கும் 'கெடாய்' என்னும் சொல் தமிழ்க் 'கடை'யிலிருந்து சென்றது என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது.

நகரத்தார் தம் கொடுக்கல் வாங்கல் தொழிலை நடத்திய கிட்டங்கிகளும் கடைவீட்டு அமைப்பைச் சார்ந்தவையே. நீண்ட கூடம் ஒன்றில் பலர் தத்தமக்குரிய பெட்டியையும் மேசையையும் வைத்துக்கொண்டு தனித்தனியே தொழில் புரிந்தனர். தைப்பூசத்தின்பொழுது நகரத்தாரின் வெள்ளி இரதம் பினாங்கு வீதியிலுள்ள கோயில் வீட்டிலிருந்தே புறப்படுகின்றது. ஆகவே, கடைவீடு என்பது சீனர் மரபுக்கு மட்டும் உரியதெனக் கருதுதல் பொருந்தாது. அது பல இனத்தாரும் வாழ்ந்து பழகிய வீடு.

தோட்டப்புறத்தில் வளர்ந்தோர்க்கு வீட்டை விரிவாக்குதல் என்பது வேறு பொருள் தந்தது. தென் செபராங் பிறையில், நிபோங் திபால் வட்டாரத்துப் பைராம் தோட்டம் முதலிய தோட்டங்களில் தொழிலாளர் வாழ்ந்த வீடுகள் நிருவாகத்துக்கு உரியவை. லயத்து வீட்டின் பின்புறம் தகரமும் பலகையும் கொண்டு அடுப்படியை நீட்டிக்கொள்வதே தோட்டத்து மக்கள் அறிந்த விரிவாக்கம். நகரத்துக் கடைவீடுகளிலும் வாடகைக்குக் குடியிருந்தோர் இவ்வாறே பின்கட்டில் தடுப்புகளையும் சாய்ப்புகளையும் சேர்த்துக்கொண்டனர். ஈரிடத்திலும் வீட்டை விரிவாக்கியவர் வேறு, வீட்டுக்கு உரியவர் வேறு என்பது குறிப்பிடத்தக்கது. இதன் விளைவு பின்னர்க் காட்டப்படும்.

கடைவீட்டின் அமைப்பு

கடைவீட்டின் முகப்பு குறுகியது, உட்பகுதி நீண்டது. முகப்பின் அகலம் பெரும்பாலும் 4 முதல் 6 மீட்டர் வரை இருக்கும். இரு பக்கச் சுவர்களுக்கும் குறுக்கே கிடத்தப்படும் மர உத்தரத்தின் நீளமே இவ்வகலத்தை வரையறுத்தது. நீளமோ 30 மீட்டரைத் தாண்டுவதும் உண்டு. பக்கச் சுவர்கள் செங்கல்லால் ஆனவை. மாடித் தளத்தையும் கூரையையும் தாங்குபவை. அவை அண்டை வீட்டுக்கும் பொதுவானவை. ஒரு வீட்டார் தம் சுவரை இடித்தால் அடுத்த வீட்டாரின் உத்தரமும் அசையும்.

தெருவை ஒட்டி அமைந்த 'காக்கி லீமா' எனப்படும் ஐந்தடி நடைபாதை, வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கிடம் தருகின்றது. தமிழகத்துத் திண்ணையைப் போன்று வீட்டுக்கும் தெருவுக்கும் இடைப்பட்ட இடமாக அது விளங்குகின்றது. 1822ஆம் ஆண்டில் ராபிள்ஸ் சிங்கப்பூருக்கு வகுத்த நகரத் திட்டத்தில் இத்தகைய தொடர் நடைபாதை கட்டாயமாக்கப்பட்டது.

இரு பக்கமும் சுவர் அடைத்து நிற்கும் இவ்வளவு நீண்ட வீட்டிற்கு வெளிச்சம் எவ்வாறு வரும்? இவ்வினாவிற்குரிய விடையே வீட்டின் நடுவிலுள்ள திறந்த முற்றம். முற்றத்தின் வழியே வெப்பக் காற்று மேலெழுந்து வெளியேற, முகப்பிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே இழுக்கப்படுகின்றது. சன்னல்களுக்கு மேலுள்ள காற்றுத் துளைகளும், மரத்தாலான சாய்பட்டைச் சன்னல்களும், கூரையின் மேல் சற்றே உயர்ந்து நிற்கும் சிறு கூரையும் இப்பணிக்குத் துணை செய்கின்றன. செட்டிநாட்டு வீட்டின் முற்றம் செய்யும் வேலையும் இதுவே. செட்டிநாட்டு வீடு அகன்றும் நீண்டும் பரவியிருக்கக் கடைவீடு குறுகிய மனைக்குள் அதே தேவையை நிறைவு செய்கின்றது.

சன் யாட் சென் 1910ஆம் ஆண்டில் தம் இயக்கப் பணிகளுக்குத் தளமாகக் கொண்ட ஆர்மீனியன் தெரு 120ஆம் எண் வீடு இவ்வமைப்பிற்கு நல்ல சான்று. இன்று அருங்காட்சியகமாக விளங்கும் அவ்வீட்டின் உள்முற்றம் மூடப்படாமல் பேணப்பட்டுள்ளது. உள்ளே செல்வோர் தெரு வெப்பத்திற்கும் வீட்டுக் குளிர்ச்சிக்கும் உள்ள வேறுபாட்டை உடனே உணர்வர்.

ஈரமும் சிமெண்டும்

கடைவீட்டின் பெரும்பகை ஈரம். கடலை ஒட்டிய இந்நகரில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பொழிகின்றது. நிலத்தடி நீரும் ஆழத்தில் இல்லை. பழைய சுவர்களின் அடியில் ஈரத்தடுப்புப் படலம் கிடையாது. ஆதலால், விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோலச் செங்கல் நிலத்து நீரை உறிஞ்சி மேலேற்றுகின்றது. அந்நீரோடு உப்பும் ஏறுகின்றது.

சுவரின் மேல் சுண்ணாம்புக் காரை பூசப்பட்டிருக்கும்வரை இது பெருந்தீங்காவதில்லை. சுண்ணாம்புக் காரையில் நுண்ணிய துளைகள் உண்டு. ஏறிய ஈரம் அத்துளைகளின் வழியே ஆவியாகி வெளியேறும். உப்பு காரையில் தங்கும். காலப்போக்கில் காரை உதிரும். காரை உதிர்ந்தால் மீண்டும் பூசலாம். காரை தன்னை அழித்துக்கொண்டு செங்கல்லைக் காக்கின்றது என்பதே இதன் உட்பொருள்.

உதிரும் காரையைக் கண்ட வீட்டார் அதனைக் குறையெனக் கருதி, உறுதி வேண்டிச் சிமெண்டுப் பூச்சை மேற்கொண்டனர். சிமெண்டுப் பூச்சு இறுக்கமானது. ஈரத்தை எளிதில் வெளியே விடாது. வழி அடைபட்ட ஈரம் சுவருக்குள்ளேயே மேலேறுகின்றது. முன்னர் முழங்கால் உயரத்தில் நின்ற ஈரக்கறை இடுப்பையும் தோளையும் எட்டுகின்றது. உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி விரிவதால் செங்கல்லின் முகமே பொடியாகின்றது. மாடியைத் தாங்கும் உத்தரத்தின் முனை சுவருக்குள் பதிந்திருக்கும் இடத்தில் ஈரம் தேங்கினால் மரம் மக்கும். ஈர மரத்தைத் தேடிக் கரையானும் வந்து சேரும். சுவரின் மேல் நீர்புகாச் செயற்கைச் சாயம் பூசுவதும், தரையில் பழைய சுடுமண் ஓடுகளைப் பெயர்த்துவிட்டுக் கான்கிரீட்டு இடுவதும் இதே விளைவையே தருகின்றன. தரை வழியே வெளியேறிய ஈரமும் பக்கச் சுவரை நோக்கித் திரும்பிவிடுகின்றது.

அடைபட்ட வீட்டின் கேட்டிற்குக் கண்கூடான சான்று, கடைவீடுகள் பல உழவாரன் பறவைக் கூட்டுத் தொழிலுக்கு விடப்பட்டதாகும். உண்ணத்தக்க கூடுகளுக்காகச் சன்னல்கள் செங்கல்லால் அடைக்கப்பட்டன. உள்ளே எப்பொழுதும் ஈரப்பதம் நிலவுமாறு செய்யப்பட்டது. இதனால் மரமும் காரையும் பெருஞ்சேதமுற்றன. மரபுடைமைப் பகுதியிலிருந்து இத்தொழிலை 2013ஆம் ஆண்டு இறுதிக்குள் அகற்றுமாறு மாநில அரசு காலக்கெடு விதித்தது.

சுண்ணம்: நாம் மறந்த கைத்திறன்

சுண்ணாம்பு வேலை தமிழர்க்குப் புதியதன்று. ஆங்கிலேயர் காலத்துக் கட்டட ஆவணங்களில் வரும் 'சுனம்' என்னும் சொல் தமிழ்ச் 'சுண்ணம்' என்பதன் திரிபே. 'மதராஸ் சுனம்' எனப் புகழ்பெற்ற பூச்சு, பளிங்குபோல் மெருகேறக்கூடியது. 1862ஆம் ஆண்டில் திருநிலைப்படுத்தப்பட்ட சிங்கப்பூர்ப் புனித அந்திரேயா பேராலயத்தை இந்தியக் கைதிகள் கட்டினர். அதன் உட்சுவருக்குச் சிப்பிச் சுண்ணாம்பு, முட்டை வெண்கரு, சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய நீர் ஆகியவை சேர்ந்த பூச்சினைப் பயன்படுத்தினர். பினாங்கிலும் இந்தியக் கைதிகளின் உழைப்பால் சாலைகளும் கட்டடங்களும் எழுந்தன. இன்று மரபுடைமை எனப் போற்றப்படும் சுவர்களில் நம்மவர் கைத்திறனும் பதிந்துள்ளது என்பதை இதனால் அறியலாம்.

சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ சுட்டு, நீரிட்டு நீற்றிப் பல வாரங்கள் ஊறவைத்துக் குழைவாக்குவர். அதனோடு மணல் கலந்து மெல்லிய அடுக்குகளாகப் பூசுவர். காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல ஈர்த்து அது மீண்டும் கல்லாக இறுகுகின்றது. இவ்வேலைக்குப் பொறுமை வேண்டும்; ஒவ்வோர் அடுக்கும் உரிய காலம் ஈரம் காக்கப்பட்டு இறுகிய பின்னரே அடுத்த அடுக்கைப் பூசுதல் வேண்டும். மேலே சுண்ணாம்பு வெள்ளையோ நிறமூட்டிய சுண்ணாம்போ அடிக்கப்படும். லீத் தெருவிலுள்ள சியோங் பாட் சீ மாளிகையின் நீல நிறம், சுண்ணாம்பில் அவுரி நீலம் கலந்து பெறப்பட்டதாகும். சீர்குலைந்திருந்த அம்மாளிகை 1990களில் மரபுமுறையில் புதுப்பிக்கப்பட்டு, 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுடைமை விருதைப் பெற்றது.

புதுப்பிக்கும் பணிகளின் வரிசை

பழைய வீட்டை வாங்கியவுடன் சுவரைத் தட்டிப் பெயர்ப்பது தவறாகும். முதலில் வீட்டை அளந்து வரைபடமாக்கி, ஒவ்வோர் அறையையும் ஒளிப்படம் எடுத்துப் பதிவு செய்தல் வேண்டும். ஒரு மழைக்காலமேனும் வீட்டைக் கவனித்தல் நலம். எங்கே ஒழுகுகின்றது, எந்தச் சுவர் எவ்வளவு உயரம் நனைகின்றது, பின்சந்துச் சாக்கடை எங்கே அடைபடுகின்றது என்பன அப்பொழுதுதான் புலப்படும்.

இரண்டாவதாகக் கூரையும் நீர்வழிகளும் சரிசெய்யப்பட வேண்டும். ஒழுகும் கூரையின்கீழ் செய்யும் எவ்வேலையும் வீணே. பழைய கூரை, மெல்லிய சுடுமண் ஓடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வேயப்பட்டது. நல்ல ஓடுகளைத் தெரிந்தெடுத்து மீண்டும் பயன்படுத்தலாம். தெருவைப் பலமுறை மேலிட்டு உயர்த்தியதால் வீட்டுத் தரை தெருவைவிடத் தாழ்ந்திருந்தால், நீர் வெளியேறும் வழியை முதலில் தீர்க்க வேண்டும்.

மூன்றாவதாகச் சிமெண்டுப் பூச்சை அகற்றிச் சுவரை உலரவிடுதல் வேண்டும். 25 மில்லிமீட்டர் தடிப்புள்ள சுவர் உலர ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும் என்பது கட்டடத் துறையினரின் பொதுக் கணக்கு. அவ்வாறாயின் 225 மில்லிமீட்டர்ச் சுவருக்கு ஒன்பது மாதங்கள் வேண்டும். திறப்புவிழா நாளை முன்கூட்டியே குறித்துக்கொண்டு வேலை செய்வோர் இக்கணக்கை மீறுகின்றனர்; ஓராண்டிற்குள் புதுச்சாயம் கொப்புளித்து உரிவதற்கு இதுவே காரணம்.

அதன் பின்னரே மரவேலை. மக்கிய உத்தரத்தை முழுமையாக மாற்றாமல், கெட்ட முனையை மட்டும் வெட்டிவிட்டுச் செங்கால் போன்ற வன்மரத்தை இணைத்து ஒட்டுப்போடலாம். மின்கம்பிகளுக்காகச் சுவரைக் குடையாமல், வெளியே தெரியும் குழாயில் கொண்டுசெல்வது சுவருக்கு நன்மை பயக்கும். காரையும் சாயமும் இறுதியில் வருபவை.

விரிவாக்கத்தின் நெறிகள்

இன்றைய குடும்பத்திற்குக் குளியலறைகள் வேண்டும், சமையலறை வேண்டும், முதியோர்க்குக் கீழ்த்தளத்தில் படுக்கையறை வேண்டும். இத்தேவைகளைப் பழமையின் பெயரால் மறுத்தல் ஆகாது. மறுத்தால் மக்கள் வீட்டை விட்டு வெளியேறுவர். ஆயின், விரிவாக்கத்திற்கு இடம் தேடுவோரின் கண் முதலில் முற்றத்தின் மேலேயே விழுகின்றது. முற்றத்திற்குக் கூரையிட்டால் ஓர் அறை கிடைக்கும் என எண்ணுகின்றனர். அவ்வறை கிடைக்கும், முன்னும் பின்னும் உள்ள அறைகளோ இருளும் புழுக்கமும் அடையும். ஒளிபுகும் நெகிழித் தகடு வேய்ந்தாலும் வெளிச்சம் மட்டுமே வரும், வெப்பம் வெளியேறாது. பின்னர்க் குளிரூட்டி வேண்டப்படும்; குளிர்ந்த சுவரில் காற்றின் ஈரம் படிந்து பூஞ்சணம் பூக்கும். 1984ஆம் ஆண்டு ஒருசீர்க் கட்டட துணைச்சட்டங்கள், குடியிருப்பு அறைக்கு அதன் தரைப்பரப்பில் 10 விழுக்காட்டிற்குக் குறையாத ஒளிவழியும் 5 விழுக்காட்டிற்குக் குறையாத காற்றுவழியும் வேண்டும் என்கின்றன. முற்றத்தை மூடிய கடைவீட்டின் நடுவறைகள் இவ்வளவைப் பெறுதல் அரிது.

ஆகவே, விரிவாக்கம் பின்புறத்தில் அமைவதே ஏற்றது. அங்கும் நான்கு நெறிகளைக் கடைப்பிடித்தல் வேண்டும். முதலாவது, பழைய கட்டடத்திற்கும் புதிய பகுதிக்கும் இடையில் இன்னொரு சிறு முற்றம் விடுதல். இதனால் இரு பகுதிகளும் ஒளியும் காற்றும் பெறும்; இரு கூரைகளும் சந்திக்கும் பள்ளத்தில் மழைநீர் தேங்கி ஒழுகும் தொல்லையும் நீங்கும்.

இரண்டாவது, ஈரமான அறைகளைப் புதிய பகுதியிலும் உலர்ந்த அறைகளைப் பழைய பகுதியிலும் அமைத்தல். மாடியின் பலகைத் தளத்தின்மேல் குளியலறை கட்டினால், ஒரு சிறு கசிவே ஆண்டுக்கணக்கில் யாரும் அறியாமல் உத்தரங்களை மக்கச் செய்யும்.

மூன்றாவது, புதிய பகுதி தன் எடையைத் தானே தாங்குதல். பழைய சுவரின் அடித்தளம் ஆழமற்றது. நூறாண்டுகளாக நிலத்தில் அமுங்கி நிலைபெற்றுவிட்ட சுவரோடு கனமான கான்கிரீட்டுச் சட்டத்தைப் பிணைத்தால், புதிய பகுதி அமுங்கும்பொழுது பழைய சுவரையும் இழுத்துப் பிளக்கும். எனவே எடை குறைந்த எஃகு அல்லது மரச்சட்டத்தைத் தனி அடித்தளத்தின்மேல் நிறுத்தி, இடையில் அசைவுக்கு இடைவெளி விட வேண்டும்.

நான்காவது, புதிய கூரை முன்கட்டின் கூரை முகட்டை மிஞ்சாது தாழ்ந்திருத்தல். தெருவில் நிற்பவர் பார்வைக்கு வரிசையின் கூரைக்கோடு மாறாது தோன்றும். அண்டை வீட்டு முற்றத்தின் ஒளியும் மறைக்கப்படாது.

சட்டமும் வழிகாட்டியும்

2008ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் மலாக்காவும் ஜார்ஜ்டவுனும் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றன. ஜார்ஜ்டவுனில் 109.38 எக்டர் மையப் பகுதியாகவும் 150.04 எக்டர் காப்புப் பகுதியாகவும் வரையறுக்கப்பட்டன. இப்பகுதிக்குரிய சிறப்புப் பகுதித் திட்டம் 2016ஆம் ஆண்டில் அரசிதழில் வெளியிடப்பட்டது. கட்டடங்கள் அவற்றின் சிறப்பிற்கேற்ப வகைப்படுத்தப்பட்டுள்ளன. முதல் வகைக் கட்டடங்களில் மாற்றத்திற்கு இடம் மிகக் குறைவு. பெரும்பாலான கடைவீடுகள் இரண்டாம் வகையைச் சார்ந்தவை. அவற்றின் முகப்பு, கூரை வடிவம், முற்றம் முதலிய அடையாளக் கூறுகளைப் பேணி, உட்பகுதியை இன்றைய பயன்பாட்டிற்கு ஏற்ப அமைத்துக்கொள்ளலாம். புதிய கட்டடங்களின் உயரத்திற்கு 18 மீட்டர் வரம்பு உண்டு. வேலை தொடங்குமுன் பினாங்குத் தீவு மாநகர் மன்றத்தின் ஒப்புதலைப் பெறுதல் வேண்டும். பக்கச் சுவர் பொதுவானது ஆதலால், அண்டை வீட்டாரோடு கலந்து பேசி, அவர்கள் சுவரின் நிலையையும் முன்கூட்டியே பதிவு செய்துகொள்வது பின்னாளில் வழக்கைத் தவிர்க்கும்.

வீடு யாருக்காக?

1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாளுக்கு முன் கட்டப்பட்ட வீடுகளின் வாடகையை உயராமல் காத்தது. குறைந்த வாடகையால் ஏழைக் குடும்பங்களும் சிறுதொழிலாளரும் நகர நடுவில் வாழ இயன்றது. அதே காரணத்தால் வீட்டுக்காரர் பழுதுபார்ப்பதற்குப் பணம் செலவிடவில்லை. குடியிருந்தோரோ தமக்கு உரிமையற்ற வீட்டில் பலகைத் தடுப்பிற்குமேல் எதுவும் செய்ய இயலவில்லை. லயத்து அடுப்படியின் கதையே இங்கும் நிகழ்ந்தது. 1997ஆம் ஆண்டில் அச்சட்டம் நீக்கப்பட்டது. மாற்றத்திற்கென வழங்கப்பட்ட கால அளவு 1999ஆம் ஆண்டு இறுதியில் முடிவுற்றது. வாடகை உயர, தலைமுறைகளாக வாழ்ந்த பல குடும்பங்கள் வெளியேறின.

மரபுடைமைத் தகுதி கிடைத்த பின்னர் வீடுகளுக்குப் பணம் வந்தது; கூரைகள் வேயப்பட்டன; முகப்புகள் பொலிவுற்றன. ஆயினும் தங்கும் விடுதிகளாகவும் உணவகங்களாகவும் மாறிய வீடுகள் பல. மரபுடைமைப் பகுதியில் 2009ஆம் ஆண்டில் ஏறத்தாழ 10,000 ஆக இருந்த குடியிருப்போர் தொகை 2013ஆம் ஆண்டில் ஏறத்தாழ 9,400 ஆகக் குறைந்தது. பூக்கட்டுவோரும் தட்டாரும் மாவரைப்போரும் மாடியில் குடியிருந்து கீழே தொழில் செய்தமையாலேயே அது கடைவீடு எனப்பட்டது. மாடியில் எவரும் உறங்காத வீடு, மாலையில் சன்னல் திறக்கப்படாத வீடு, எவ்வளவு செம்மையாகப் பூசப்பட்டிருப்பினும் விரைவில் புழுங்கத் தொடங்கும்.

முடிவுரை

பழைய கடைவீட்டைப் புதுப்பித்தல் என்பது அதன் மூன்று வழிகளைத் திறந்து வைத்தலே: காற்று செல்லும் வழி, ஒளி இறங்கும் வழி, ஈரம் வெளியேறும் வழி. சுண்ணாம்புக் காரையும் திறந்த முற்றமும் இவ்வழிகளைக் காக்கின்றன. சிமெண்டுப் பூச்சும் மூடிய முற்றமும் அடைக்கின்றன. விரிவாக்கம் இவ்வழிகளை மதித்து அமையுமாயின் வீடு இன்னும் நூறாண்டு நிற்கும். இவற்றோடு நான்காவதாக ஒரு வழியும் திறந்திருத்தல் வேண்டும். அது மனிதர் வந்து வாழும் வழி. நம் மாணவர்கள் லிட்டில் இந்தியாவின் கடைவீடுகளை அளந்து வரையவும், அங்கு வாழ்ந்தோரிடம் அவ்வீடுகளின் வரலாற்றைக் கேட்டுப் பதிவு செய்யவும் முன்வர வேண்டும். எந்த அறையில் யார் உறங்கினார், எந்த முற்றத்தில் யார் நெல் காயவைத்தார், பின்கட்டுச் சாய்ப்பை யார் எப்பொழுது கட்டினார் என்பவை அறியப்பட்டால்தான், அடுத்துப் புதுப்பிக்க வருபவர் எதைக் காக்க வேண்டும் என்பதை உணர்வர்.